பழைய கணினிக்குப் புதுக் குடியிருப்பு



ஓர் அச்சகத்தின் மூலையில் பழைய கணினி ஒன்று இரைந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு முன் அமைத்த திருமண அழைப்பிதழ்களும், கோயில் கும்பாபிஷேக மலர்களும், வாடிக்கையாளர் கணக்குகளும் அதனுள் இருக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் அமைந்த பக்கங்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ரோமன் எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். அந்தக் கணினி நாளைக் காலை உயிர் பெறாவிட்டால் என்ன செய்வது?

உடல்தான் முதுமை அடைந்திருக்கிறது. உள்ளே இருப்பவை நன்றாகவே இருக்கின்றன. ஆகவே விண்டோஸ், எழுத்துரு, கணக்கு மென்பொருள் என அனைத்தையும் அப்படியே ஒரு பெரிய கோப்பாக நகலெடுத்து, புதிய கணினி ஒன்றினுள் தனிக் கணினியாக இயங்கச் செய்யலாம். இதைத்தான் மெய்நிகர் கணினி என்கிறோம்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூரை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. ஒரு வீட்டில் என்ன சமையல் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. நினைவகத்தையும் வன்தட்டையும் இப்படிப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். பெரிய அலுவலகங்கள் பல சர்வர்களை ஒரே பெட்டிக்குள் குடியேற்றுவதும் இந்த முறையில்தான்.

இது நேற்று முளைத்த யோசனை அன்று. 1960களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். 1972இல் ஐபிஎம் அதை விற்பனைப் பொருளாகவே அறிவித்தது. நம் மேசைக் கணினிக்கு வந்து சேர 1999 ஆயிற்று. அவ்வாண்டில் விஎம்வேர் நிறுவனம் தன் முதல் மென்பொருளை வெளியிட்டது.

குடிபெயர்ப்பதில்தான் கவனம் வேண்டும். நாங்களும் ஒருமுறை அவசரப்பட்டோம். கணக்கு மென்பொருளை மூடாமலேயே வன்தட்டை நகலெடுத்தோம். புதிய இடத்தில் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் கடைசியாகப் பதிந்த பற்றுச்சீட்டுகளைக் காணோம்! பழைய பெட்டியை வைத்திருந்ததால் பிழைத்தோம். பயன்பாட்டில் உள்ளவற்றை மூடிவிட்டு, முடிந்தால் வேறொரு குறுந்தட்டைக் கொண்டு கணினியைத் தொடக்கி, வன்தட்டு ஓய்ந்திருக்கும்போது நகலெடுப்பதே நல்லது.

பழைய விண்டோஸ் புதிய வீட்டில் கண் விழித்ததும் தனக்குப் பழக்கமான வன்தட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தேடும். கிடைக்காவிட்டால் நீலத்திரை காட்டி நின்றுவிடும். ஆதலால் பொதுவான டிரைவரை முன்கூட்டியே அதில் பதிந்துவைக்க வேண்டும். கணினியின் பின்புறம் பிரிண்டர் துளையில் சிறு பூட்டுச்சாவி ஏதும் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் சில கணக்கு மென்பொருள்கள் திறக்கமாட்டா. கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸின் உரிமம் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது என்பதையும் மறந்துவிடலாகாது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன. புதுப் பெட்டிக்குள் போனாலும் அது பழைய எக்ஸ்பிதான், இணையத்தோடு இணைக்காதீர்கள்.

லயத்தில் தீப்பிடித்தால் எல்லா வீடும் போகும். எனவே அந்தக் கோப்பின் பிரதி ஒன்று வேறொரு வன்தட்டில், கூடுமானால் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். மென்பொருளையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை பணம் கட்டிப் பெறும் நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சிறிய அச்சகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸே போதும் என்பது எங்கள் கருத்து.

மாற்றம் முடிந்ததும் பழைய மலர் ஒன்றின் பக்கத்தை அச்சிட்டு, அலமாரியில் உள்ள பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய கணினியின் வலைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஒரே பெயரும் ஒரே முகவரியும் கொண்ட இரு கணினிகள் ஒரே வலையில் இருந்தால் குழப்பம்தான். ஒரு மாதக் கணக்கு முடிந்து தொகை சரியாக வரும்வரை அது மேசைக்கடியில் கிடக்கட்டும். பிறகு பழைய இரும்புக்குப் போடலாம். வன்தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் அதில் இருக்கின்றன.