ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு மாடு வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். என் சின்ன மகள் அங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கடனைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம்ம குழுவில் ஏன் 12 முதல் 20 பேர் வரைக்கும்தான் சேர்க்கிறோம்? 50 பேரைச் சேர்த்தால் சேமிப்பு கூடுதலாக வருமே? ஆனால் சேர்ப்பதில்லை. ஆள் அதிகமானால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வாயே திறக்க மாட்டார், யார் கட்டினார் யார் கட்டவில்லை என்று தெரியாது, ஒருத்தி கஷ்டத்தை இன்னொருத்தி கேட்க நேரம் இருக்காது. இது நமக்கு அனுபவத்தில் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த, குடும்பம் நடத்துகிற பெரிய மனுஷிகள் நமக்கே 20 பேருக்கு மேல் ஆகாது என்றால், பென்சில் பிடிக்கத் தெரியாத அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் ஆகும்?

எங்கள் பள்ளிக் கணக்கைச் சொல்கிறேன். இந்த ஜூலை மாதம் பதிவேட்டில் 59 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் 13, இரண்டாம் வகுப்பில் 11, மூன்றாம் வகுப்பில் 10, நான்காம் வகுப்பில் 12, ஐந்தாம் வகுப்பில் 13. ஆசிரியர்கள் இரண்டு பேர். தலைமை ஆசிரியை நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார். இன்னொரு டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்று என்று 34 பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார்.

அந்த டீச்சர் நல்ல டீச்சர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதே நேரம் இரண்டாம் வகுப்பு வாசிக்க வேண்டும், மூன்றாம் வகுப்பு கணக்குப் போட வேண்டும். 45 நிமிஷத்தை 34 பிள்ளைக்குப் பங்கு போட்டால் ஒரு பிள்ளைக்கு ஒன்றே கால் நிமிஷம் சொச்சம். அதிலே ஒரு பிள்ளை அழும், ஒரு பிள்ளை வெளியே போக வேண்டும் என்னும். தலைமை ஆசிரியை கூட்டத்துக்குப் போன நாளில் அந்த ஒரே டீச்சருக்கு 59 பிள்ளைகள்.

சரி, இது சட்டப்படி தப்பா என்று கேட்டேன். தப்பில்லை என்றார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்று எழுதியிருக்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 பேர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர். இதை நீங்கள் எல்லோரும் குழு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. 59 பிள்ளைக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 30 கூட இல்லை, காகிதத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 59 பேரும் ஒரே பாடம் படிப்பவர்கள் இல்லையே. ஐந்து அடுப்பில் ஐந்து விதமாகச் சமைக்க இரண்டு பேரை விட்டது மாதிரி.

சின்ன வகுப்பாக இருந்தால் பிள்ளைகள் நிஜமாகவே நன்றாகப் படிக்குமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு பயிற்சியில் கருத்தாளர் ஒருவர் சொன்ன விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம். அங்கே 1985ல் அரசாங்கமே பணம் போட்டு நாலு வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாதிரி அங்கே ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு ஒன்று உண்டு, அதிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. ஒரு பகுதிப் பிள்ளைகளை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பிலும், இன்னொரு பகுதியை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பிலும் குலுக்கல் முறையில் போட்டார்கள். சின்ன வகுப்பில் இருந்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகமாக இருந்தது. வசதியான வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். நம்ம மாதிரி வீட்டில் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை.

அதே அமெரிக்காவில் இன்னொரு மாநிலம் கலிபோர்னியா. 1996ல் சின்ன வகுப்புகளில் 20 பிள்ளைக்கு மேல் கூடாது, அப்படி நடத்தினால் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தரும் என்று அறிவித்தார்கள். ஒரே நேரத்தில் எல்லாப் பள்ளியும் டீச்சர் தேடியது. வசதியான ஊர்ப் பள்ளிகளுக்கு நல்ல டீச்சர்கள் போய்விட்டார்கள். ஏழைகள் இருக்கும் பள்ளிகளுக்குத் தேவையான தகுதி இல்லாதவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அறைகளும் போதவில்லை. பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற டீச்சரும் அறையும் வேண்டும், அதுவும் கஷ்டப்படுகிற ஊருக்கு முதலில் வர வேண்டும் என்பது இதில் நான் புரிந்துகொண்டது.

நம்ம மாநிலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு 2021ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்று கணக்கு. திண்ணையில் உட்கார்ந்து நம்ம ஊர்ப் பொண்ணுங்களே சொல்லிக்கொடுத்தார்கள். 2022ல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற முறை. காலை உணவுத் திட்டமும் 2022ல் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. கிராமங்களில் அதைச் சமைப்பது யார்? நம்ம குழுப் பெண்கள்தான். அரசாங்கம் பணம் ஒதுக்கி, நாமும் கை கொடுத்தால் நடக்கும் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஆசிரியர் சம்பளம்தான் பெரிய செலவு. வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய செலவு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. 2024-25ஆம் ஆண்டுக்கு நம் மாநிலத்துக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதாகச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். யார் பக்கம் சரி என்று பேச இது மேடை இல்லை. நம்ம குழுவுக்கு வர வேண்டிய சுழல் நிதி ஒரு வருஷம் நின்றால் நாம் எவ்வளவு தவித்துப் போவோம்? பிள்ளைகளும் அப்படித்தான். பெரியவர்கள் வழக்கு முடிகிற வரைக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே காத்திருக்குமா?

இனி நம்ம வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் குழுவில் போன வருஷம் கொடுத்த உள்கடனைப் புரட்டிப் பார்த்தோம். அதில் 5 கடன் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு. எங்கள் ஊரிலிருந்து 14 பிள்ளைகள் வேனில் வெளியூர் போகிறார்கள். அந்தத் தாய்மாரை நான் தப்பாகப் பேச மாட்டேன். ஒரு தங்கச்சியிடம் கேட்டேன். "அக்கா, மூணு வகுப்பும் ஒண்ணா உக்காந்திருக்கு. அதுல எம்புள்ள என்னத்தப் படிக்கும்? டீச்சர் வரட்டும், நானே கொண்டாந்து விடுறேன்" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

ஆனால் டீச்சர் எப்படி வருவார்? ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளை இருக்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள். குறைந்தால் பணிநிரவல் என்று இருப்பவரையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். டீச்சர் இல்லை என்று பிள்ளை போகிறது, பிள்ளை இல்லை என்று டீச்சர் போகிறார். யாராவது ஒருவர் முதலில் நிறுத்தினால்தான் இது நிற்கும்.

எங்களுக்கு வேண்டியது 61. இருப்பது 59. போன வருஷம் 57 இருந்தது. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனது போக, புதுசாக வந்ததும், வேனை நிறுத்திவிட்டு வந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 59 ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டே பிள்ளை. ஆகஸ்ட் 1க்கு இன்னும் நாள் இருக்கிறது. 61 ஆன மறுநாளே மூன்றாவது டீச்சர் வந்து நிற்பார் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ இடம் காலியாக இருக்கிறது. ஆனால் 61 ஆனால் அது நமக்குச் சட்டப்படி சேர வேண்டிய இடம். அனுமதித்த ஆசிரியர் இடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலியாக வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியதில்லை, நிமிர்ந்து கேட்கலாம். மூன்றாவது டீச்சர் வந்தால் ஒன்றும் இரண்டும் சேர்த்து 24 பிள்ளைகள் ஒருவர் கையில் இருக்கும். பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்க வைக்க நேரம் கிடைக்கும்.

இதற்காக நம்ம கூட்டமைப்பு மூன்று வேலை செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, கணக்கு எடுப்போம். ஒவ்வொரு ஊரிலும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர், அடுத்த ஆசிரியருக்கு இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஜூலை கடைசிக்குள் கூட்டமைப்பில் கொடுப்போம். வட்டிக் கணக்கே எழுதுகிற நமக்கு இது பெரிய காரியம் இல்லை.

இரண்டு, மேலாண்மைக் குழுவில் பேசுவோம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுதான். அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டம்தான் அடிப்படை. ஆகையால் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள். எத்தனை டீச்சர் வேண்டும், எத்தனை அறை வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும் என்று நமக்குத் தெரியாதா?

மூன்று, சேர்ந்து போவோம். ஒருத்தி மட்டும் பிள்ளையை வேனிலிருந்து நிறுத்தப் பயப்படுவாள். நாலு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கொண்டு போய்ச் சேர்த்தால் பயம் இருக்காது. ஒருத்தி கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர்கள்தானே நாம்.

அரசாங்கத்துக்கும் இந்த மேடை வழியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். சின்ன ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் என்று தனியாக ஓர் ஆசிரியர் இருக்கும்படி நிதி ஒதுக்குங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளை பிறகு எல்லாப் பாடத்திலும் பின்தங்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவை விட இந்தச் சம்பளம் பெரிசில்லை.

வங்கிக் கடன் கேட்கப் போனபோது முதல் தடவை நம்மை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இன்றைக்கு மேனேஜரே மேடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். கணக்கு சரியாக இருந்ததால் நடந்தது. பிள்ளைகள் விஷயத்திலும் நம்ம கணக்கு சரியாக இருக்கட்டும்.

எங்கள் ஊர் அக்கா தங்கச்சிகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகத்தானே உட்காருவோம், அப்போது பேசுவோம்.