பிடிபடாதவரின் அச்சம்

(மைசூரு தேவராஜ மொஹல்லாவில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2008 மே 12 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், போஸ்ட்வில் என்னும் சிற்றூரின் இறைச்சி ஆலையைச் சுமார் 900 அதிகாரிகள் சுற்றி வளைத்தனர். 389 தொழிலாளர்கள் கைதாயினர். பெரும்பாலோர் குவாத்தமாலா நாட்டவர். அவர்கள்மீதான விசாரணை ஒரு கால்நடைக் கண்காட்சித் திடலில் நடந்தது! மூலதனத்திற்கு அவர்களது மலிவான உழைப்பு வேண்டும். அவர்களுக்கு உரிமைகள் மட்டும் கூடாது.

பின்னர் ஆய்வாளர்கள் அம்மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தனர். அச்சோதனைக்குப் பிந்தைய 37 வாரங்களில், லத்தீன் அமெரிக்க வழிவந்த தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 விழுக்காடு கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மார்களிடம் இந்த உயர்வு இல்லை. அமெரிக்காவிலேயே பிறந்த, குடியுரிமை உள்ள லத்தீனத் தாய்மார்களிடமும் இது காணப்பட்டது. பிடிபட்டவர் 389 பேர். அச்சமோ மாநிலம் முழுவதும் பரவிக் கருவறை வரை சென்றது. 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு, பள்ளி, மருத்துவமனை, தேவாலயங்களில் கைது செய்வதற்கு இருந்த கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது.

நம் ஈழத் தமிழ் அகதிகளின் நிலை என்ன? 1983 முதல் வந்தவர்கள் தமிழ்நாட்டில் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். குறித்த நாளில் அதிகாரி முன் நேரில் நிற்க வேண்டும். தவறினால் உதவித்தொகைக்கு ஆபத்து. 2003ஆம் ஆண்டின் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையைக் குடியுரிமைச் சட்டத்தில் புகுத்தியது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் மூன்று நாடுகளைச் சேர்த்து இலங்கையை விட்டுவிட்டது. திருச்சி சிறப்பு முகாமில் பிணை பெற்றவர்களும் அடைக்கப்பட்டுள்ளனர். தண்டனைக் கைதியாவது விடுதலைக்கு நாள் எண்ணலாம். இவர்களுக்கு எண்ணுவதற்கு நாளே இல்லை. அங்கு மீண்டும் மீண்டும் உண்ணாநிலைப் போராட்டம் வெடிப்பதில் வியப்பென்ன?

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. குடியுரிமை தரவில்லை. அதற்கான நமது போராட்டம் தொடர வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 2020 ஜனவரியில் பெங்களூரு கரியம்மன அக்ரஹாரத்தில் 'வங்கதேசத்தவர்' என்று சொல்லிக் குடிசைகளை இடித்தனர். அங்கே வட கர்நாடகத் தொழிலாளர்களும் வாழ்ந்தனர். மைசூரில் கட்டட வேலைக்கு வரும் வங்காளத் தொழிலாளியை நம் தோழர்கள் சிலரே விளையாட்டாக அப்பெயரால் அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த விளையாட்டை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த கிளைக் கூட்டத்திற்கு முன் அவர்களது கொட்டகைகளுக்குச் சென்று, சங்கத்தில் சேருமாறு அழையுங்கள்.