அழுத பிள்ளைக்கு மட்டுமா பால்?
அமெரிக்க அரசியலில் நலன்காக்கும் சங்கங்கள்

   

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஐக்கிய அமெரிக்காவின் அரசியலை உற்றுநோக்குவோர்க்கு இம்முதுமொழியின் உண்மை நன்கு புலப்படும். அந்நாட்டிலே சனாதிபதித் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. பிரதிநிதிகள் சபைக்கான தேர்தல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையிலே, சட்டங்கள் உருவாகும் அந்நாட்களிலே, யாருடைய குரல் ஆள்வோர் செவிக்கு எட்டுகின்றது? யாருடைய குரல் எட்டுவதில்லை? இவ்வினாவையே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்டுள்ளோம்.

சட்டசபைக் கட்டடத்தின் வெளிக்கூடத்தை ஆங்கிலத்திலே ‘லொபி’ என்பர். அங்கே காத்துநின்று, வருகின்ற உறுப்பினரிடம் தம் காரியத்தை எடுத்துரைப்போருக்கும் அவர்தம் முயற்சிக்கும் அவ்விடத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அவர்கள் கூடத்திலே காத்து நிற்பதில்லை. வாஷிங்டன் நகரிலே அவர்களுக்குக் காரியாலயங்கள் உண்டு. சட்ட வல்லுநர் உண்டு. மசோதாவின் வாசகத்தையே எழுதிக் கொடுக்கும் ஆற்றலும் உண்டு.

இஃது இலஞ்சம் அன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்று. அரசாங்கத்திடம் குறையீடு செய்யும் உரிமை 1791ஆம் ஆண்டு முதலாக அமெரிக்க அரசியற் சட்டத்தின் முதலாவது திருத்தத்திலே பொறிக்கப்பட்டுள்ளது. அத்திருத்தங்களைக் காங்கிரசில் முன்வைத்த ஜேம்ஸ் மடிசன், 1787இலேயே இப்பிரச்சினையைச் சிந்தித்தவர். உடைமையும் கருத்தும் வேறுபடும்வரை மக்கள் குழுக்களாகவே பிரிந்து நிற்பர். அதனை ஒழிப்பதாயின் சுதந்திரத்தையே ஒழிக்க நேரும். பரந்த குடியரசிலே குழுக்கள் பலவாக இருப்பின், எந்த ஒரு குழுவும் எளிதில் மேலோங்க இயலாது. இதுவே அவர் வாதத்தின் சாரம். எல்லோரிடமும் ஒரு குழு இருக்குமாயின் அவ்வாதம் முற்றும் பொருந்தும். இல்லாதவர் கதி யாது?

கமக்காரர் கண்ட வெற்றி

முதலாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1920இல், அமெரிக்காவின் விளைபொருள் விலைகள் பாதாளத்தில் வீழ்ந்தன. போர்க்காலத்து நல்விலையை நம்பிக் கடன்பட்டு நிலம் வாங்கிய கமக்காரர் கலங்கினர். 1919இல் தோன்றியிருந்த அமெரிக்கக் கமப் பணியகச் சம்மேளனம் இவ்வேளையிலே செயலில் இறங்கிற்று. 1921ஆம் ஆண்டு மே மாதத்தில், அச்சம்மேளனத்தின் வாஷிங்டன் காரியாலயத்திலே செனற்சபை உறுப்பினர் சிலர் கூடினர். அயோவா மாநிலத்து உறுப்பினர் வில்லியம் கென்யன் முன்னின்றார். கட்சி பேதத்தைக் கடந்து ‘கமக்காரர் அணி’ உருவாயிற்று.

பலன் விரைவிலே கிட்டிற்று. இறைச்சிக் கம்பனிகளையும் கால்நடைச் சந்தைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் அதே 1921இல் நிறைவேறியது. கமக்காரர் கூட்டுறவாகச் சேர்ந்து தம் விளைபொருளை விற்பது குற்றமாகாது என உறுதிசெய்த கப்பர் - வோல்ஸ்ரெட் சட்டம் 1922இல் வந்தது. தனித்து நின்றபோது தரகனிடம் தோற்றவர், சேர்ந்து நின்றபோது சட்டத்தையே ஆக்குவித்தனர்.

ஆயினும் அன்பர்களே, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. 1933ஆம் ஆண்டின் கமத்தொழிற் சட்டம், பயிரிடும் பரப்பைக் குறைப்போருக்குப் பணம் வழங்கிற்று. தென்மாநிலப் பருத்தி நிலங்களிலே அப்பணத்தின் பெரும்பங்கு நிலச்சொந்தக்காரரைச் சேர்ந்தது. வாரத்துக்கு உழுத ஏழைகள் பலர் நிலத்தைவிட்டே விரட்டப்பட்டனர். அவர்கள் 1934இல் ஆர்க்கன்சோ மாநிலத்திலே, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக, தமக்கென ஒரு சங்கம் அமைத்துப் போராட நேர்ந்தது. ஏழைக் குடியானவர்க்குக் கடனுதவி புரிந்த அரசாங்க நிர்வாகம் ஒன்றையும் கமப் பணியகச் சம்மேளனம் எதிர்த்தது. 1946இல் அந்நிர்வாகம் இல்லாதொழிந்தது. கமக்காரரின் பெயரால் பேசுவோர் எல்லாக் கமக்காரருக்காகவும் பேசுவர் என்பது நிச்சயமன்று.

வைத்தியர்களின் போர்

படித்த தொழிலினரின் ஆற்றலுக்கு வேறொரு சான்று காட்டுவோம். நாட்டு மக்கள் யாவருக்கும் வைத்தியக் காப்புறுதி வேண்டும் என்று சனாதிபதி ட்றூமன் 1945இல் காங்கிரசைக் கேட்டார். 1948இல் அவர் தேர்தலில் வெற்றிபெற்றதும், அமெரிக்க வைத்திய சங்கம் ஒவ்வோர் உறுப்பினரிடமும் 25 டொலர் அறவிடத் தீர்மானித்தது. கலிபோர்ணியாவைச் சேர்ந்த பிரசார வல்லுநராகிய ஒரு தம்பதியர் அமர்த்தப்பட்டனர். 1949ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 15 இலட்சம் டொலர் செலவாயிற்று. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே அரசாங்கம் புகலாகாது என்பது சங்கத்தின் வாதம். அதனை உளமார நம்பிய வைத்தியர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், நோயாளி காத்திருக்கும் அறையிலேயே பிரசாரப் படம் தொங்கிற்று. சோசலிச வைத்தியம் என்ற அச்சுறுத்தும் பெயரும் சூட்டப்பட்டது. மசோதா வாக்கெடுப்பைக்கூடக் காணாது மடிந்தது.

முதியோருக்காவது அவ்வுதவி கிட்டுவதற்கு 1965 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழிற்சங்கங்களும் முதியோர் சங்கங்களும் ஆண்டுக்கணக்காக உழைத்தன. அவ்வாண்டு யூலை 30ஆம் திகதி, சனாதிபதி ஜோன்சன் ட்றூமனின் ஊராகிய இன்டிபென்டன்சுக்கே சென்று, அவர் முன்னிலையில் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். இடையில் ஓடிய இருபது ஆண்டுகளிலே பணமின்றி வைத்தியரை நாடாதிருந்தோரின் துன்பத்தை எந்தக் கணக்கேடு காட்டும்?

பணமில்லாதார் படை

பணமுள்ளோர்க்கு மட்டுமே இவ்வழி திறந்துள்ளது என நாம் முடிவுகட்டிவிடலாமா? கூடாது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக 1909இல் அமைந்த தேசிய சங்கத்தின் வாஷிங்டன் காரியாலயத்தை, 1950 முதல் 1978 வரை கிளாரன்ஸ் மிச்செல் நடத்தினார். நூறு உறுப்பினரைக் கொண்ட செனற்சபையின் ‘நூற்றோராவது உறுப்பினர்’ என அவரை அழைத்தனர். 1964இல் குடியுரிமைச் சட்டத்தைத் தடுக்க எதிராளிகள் வாரக்கணக்காகப் பேசியே காலம் கடத்தினர். யூன் 10ஆம் திகதி 71 வாக்குகளுக்கு 29 வாக்குகள் என்ற கணக்கில் அவ்விவாதம் முடிவுக்குக் கொணரப்பட்டது. யூலை 2ஆம் திகதி சட்டம் கையொப்பம் பெற்றது. கூடத்தினுள்ளே மிச்செலும் அவர் தோழரும் வாக்குகளை ஒவ்வொன்றாகத் திரட்டினர். வெளியே, பேர்மிங்ஹாம் வீதிகளில் அடிபட்டோரும் 1963இல் தலைநகரில் திரண்ட இரண்டரை இலட்சம் மக்களும் நாட்டின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பினர். உள்ளே பேசியோருக்கு வெளியே நின்றோர் பலமாயினர்.

கணக்குக் கேட்கும் உரிமை

சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை வெல்வது எங்ஙனம்? பொருளியலறிஞர் மன்கர் ஓல்சன் 1965இல் விடை பகர்ந்தார். சீனி வாங்கும் கோடிக்கணக்கானோருக்கு விலை சிறிது உயர்வதால் நேரும் நட்டம், ஆளுக்குச் சில டொலரே. அதற்காக எவரும் வாஷிங்டனுக்குப் பயணம் செய்யார். கரும்பும் சீனிக்கிழங்கும் பயிரிடும் சிறு தொகையினருக்கோ அஃது ஆண்டு வருமானம் முழுவதையும் நிர்ணயிக்கும் விடயம். அவர்கள் உறங்குவாரா? இறக்குமதிக்கு எல்லையிட்டு உள்நாட்டுச் சீனியின் விலையைத் தாங்கும் ஏற்பாடு இன்றுவரை நிலைத்திருப்பதன் இரகசியம் இதுவே.

இதனை உணர்ந்தே காங்கிரஸ் 1946இல், லொபிக்காரர் தம் பெயரையும் செலவையும் பதிவுசெய்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றிற்று. அதன் ஓட்டைகளை அடைக்க 1995இலும் 2007இலும் புதுச் சட்டங்கள் வந்தன. பதவி நீங்கிய செனற்சபை உறுப்பினர் இரண்டு ஆண்டுகள் கழியும்வரை காங்கிரசிலே லொபிக்காரராகக் கூடாது என்பதும் 2007ஆம் ஆண்டின் விதி. ஆயினும் 2023ஆம் ஆண்டிலே, பதிவான செலவு மட்டும் 400 கோடி டொலரைக் கடந்தது. வேட்பாளருடன் கூட்டுச் சேராது, தேர்தற் பிரசாரத்துக்காகக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் வரையறையின்றிச் செலவிடலாம் என உயர் நீதிமன்றம் 2010இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. ஏடு திறந்திருக்கின்றது, படிப்போர் எத்தனை பேர்?

அன்பர்களே! சேர்ந்து நில்லாதவன் குரல் சபை ஏறாது என்பதை அமெரிக்கக் கமக்காரரும் வைத்தியரும் நமக்குக் காட்டினர். நம் சங்கம் பேசும்போது யாருக்காகப் பேசுகின்றது, யாரை வெளியே விட்டுவிட்டுப் பேசுகின்றது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை ஆர்க்கன்சோவின் வாரக்குடிகள் காட்டினர். அழுத பிள்ளை பால் குடிக்கட்டும். அதில் நமக்குப் பொறாமை இல்லை. அழுவதற்கும் வலிமையற்றுக் கிடக்கும் பிள்ளைக்கும் பசி உண்டு. அப்பிள்ளையின் பசியை அறிய முயலும் அரசே நல்லரசு. அதனை அரசுக்கு அறிவிக்கும் சங்கமே நற்சங்கம்.