நாக்கு எழாத கேள்வி

யுத்தம் ஓய்ந்த தேசத்தில் நியாயஸ்தலம் கூடும்போது, மாண்டவர் எத்தனை பேர் என்று கேட்பார்கள், எரிந்த வீடுகள் எத்தனை என்று கேட்பார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு மட்டும் பெரும்பாலும் நாக்கு எழுவதில்லை.

1994-இல் ருவாண்டாவில், ஏறக்குறைய நூறு நாட்களுக்குள், எட்டு லட்சம் என்று மதிப்பிடப்படும் ஜனங்கள், முக்கியமாகத் துத்சி இனத்தவர், கொன்று குவிக்கப்பட்டதை விசாரிக்க, தான்சானியாவின் அருஷா நகரில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு நீதிமன்றத்தை ஸ்தாபித்தது. தாபா வட்டாரத்தின் மேயரும், முன்னாளில் பள்ளி ஆசிரியருமான அக்காயேசு அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர்மீது முதலில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பெண்களின் மானபங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1997-ன் தொடக்கத்தில், ஓர் எழுத்தால் மட்டுமே குறிப்பிடப்பட்ட ஒரு தாய் சாட்சி சொல்ல வந்தாள். தன் ஆறு வயது மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொன்னாள். நீதிபதிகள் மேலும் வினவவே, மேயரின் அலுவலகத்திலேயே இளம்பெண்கள் கெடுக்கப்பட்டதாகத் தான் கேள்விப்பட்டதையும் சொன்னாள். விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் டர்பன் நகரத்து பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகளான நவநீதம் பிள்ளை, தமிழ் வம்சாவளியினர். அந்த நீதிமன்றத்தில் அப்போது இருந்த ஒரே பெண் நீதிபதி. அவர் அந்த ஆசனத்தில் இராவிட்டால் விசாரணை அத்திசையில் திரும்பியே இராது என்று அறுதியிட்டுச் சொல்ல நான் சோதிடனல்லன். ஆயினும் என் சந்தேகம் அதுதான். பின்னர் வேறு பெண்களும் வாய் திறந்தார்கள். ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி, பலாத்காரமும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று சர்வதேச நீதிமன்றம் ஒன்று முதன்முறையாகத் தீர்ப்பளித்தது.

பெண்கள் விஷயம் இப்படியென்றால், போரில் சிக்கிய இளையோர் விஷயம் இன்னும் சிக்கலானது. 2002-இல் போர் முடிந்த சியரா லியோனில், துப்பாக்கி தூக்கிய சிறுவன் பாதகம் செய்தவன், பாதகம் செய்யப்பட்டவனும் அவனே. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரை விசாரிக்கச் சட்டம் இடந்தந்தும், சிறுவரைக் கூண்டில் ஏற்றுவதில்லை என்று அங்கிருந்த சிறப்பு நீதிமன்றத்தின் வழக்குத் தொடுக்கும் தரப்பு அறிவித்தது சரியான முடிவே என்பது என் அபிப்பிராயம். அந்நாட்டில் அமைந்த உண்மை அறியும் ஆணையமோ அச்சிறுவர்களைத் தனியறையில் வைத்துக் கேட்டது. 2004-இல் அது சிறுவருக்கென்றே எளிய நடையில் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதை உருவாக்கும் பணியில் அந்நாட்டுச் சிறுவர்களும் பங்கேற்றார்கள்.