லயத்து வாசலுக்கு வழி எங்கே?

(மலைநாட்டு உள்ளூராட்சி குறித்துப் பதுளையில் ஆற்றிய உரை)



உள்ளூராட்சியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வீதி, குடிநீர், வடிகால், குப்பை, நூல்நிலையம், மயானம் ஆகியனவே உள்ளூராட்சியின் அலுவல்கள். பார்வைக்கு இவை சிறியன. ஆயினும் ஒரு சமுதாயம் எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பதை இச்சிறு காரியங்களைக் கொண்டே அளந்துவிடலாம். கொழும்பில் இயற்றப்படும் சட்டம் நம் வாசலை அடையப் பல்லாண்டு செல்லும். வடிகாலில் அடைபட்ட வெள்ளமோ அன்றிரவே வீட்டுக்குள் வந்துவிடும்.

ஊவா மலைகளின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1890ஆம் ஆண்டில் அப்புத்தளைக்கு அண்மையில், தம்பேதன்னையில், லிப்டனின் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1924ஆம் ஆண்டு பெப்ரவரியில் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டினார்கள், தெமோதரையில் பாதையைத் தன்னைத்தானே சுற்றி வரச் செய்தார்கள். தேயிலைப் பெட்டி துறைமுகத்தை அடைய என்னென்ன வசதி வேண்டும் என்று திட்டமிட்டார்கள். அதற்குப் பணமும் ஒதுக்கினார்கள். அத்தேயிலையைப் பறித்தவளின் லயத்துக்கு எத்தனை அடி வடிகால் வேண்டும் என்ற கணக்கு மட்டும் தோட்ட நிருவாகத்தின் கையில் விடப்பட்டது.

அவ்வாறு விடப்பட்டது தற்செயலன்று. 1937ஆம் ஆண்டில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்கு மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1988ஆம் ஆண்டுச் சட்டம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று பல படிகளைக் கடந்தே அந்தக் குறை தீர்ந்தது. குடியுரிமையும் வாக்கும் வந்தன. ஆனால் வசதி உடன் வரவில்லை. ஏன்?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 33ஆம் பிரிவு கிராமங்களுக்குச் சபை செய்யக்கூடிய வசதிகளைப் பற்றிப் பேசியது. தோட்டக் குடியிருப்பு அதில் அடங்காது என்றே நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலவிலும் ஹல்துமுல்லையிலும் வேட்பாளர் லயத்து வாசலுக்கு வந்து வாக்குக் கேட்டார். வென்ற பின்னர் அந்த வாசலுக்குச் செல்லும் பாதையில் சபைப் பணத்தில் ஒரு கல்லைப் போடவும் அவருக்கு அதிகாரமில்லை என்றார்கள். வாக்காளனாக ஏற்றுக்கொண்ட சபை, வாசியாக ஏற்றுக்கொள்ளவில்லை! 2018ஆம் ஆண்டில்தான் அப்பிரிவு திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் சபை பணி செய்ய வழி திறந்தது.

வழி திறந்தது உண்மை. ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும், பெட்டகத்தை நிரப்பாது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடக்கும்வரை மக்கள் பிரதிநிதிகளே இல்லை. ஆகவே அதிகாரம் கிடைத்தும் அதைக் கையாளுவோர் இல்லாத ஈராண்டு கழிந்தது. இனிமேல் சாக்குச் சொல்ல இடமில்லை. இன்றைய கேள்வி ஒன்றே: பணம் எங்கிருந்து வரும், அது எந்த ஒழுங்கில் செலவாகும்?

பிரதேச சபையின் வருவாயை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சொந்த வருவாய்: சோலைவரி, ஏக்கர் வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தை வாடகை. இரண்டாவது, மாகாண சபை வழியாக வந்து சேரும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும். மூன்றாவது, அரசாங்க மானியமும் கடனும். 1916ஆம் ஆண்டிலிருந்தே உள்ளூர்ச் சபைகளுக்குக் கடன் கொடுப்பதற்கென ஒரு நிதியம் இந்நாட்டில் உண்டு.

இவற்றைத் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். சோலைவரி, வளர்ச்சியடைந்த பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் உள்ள ஆதனங்களுக்கே உரியது. லயத்து அறையோ குடியிருப்போனுக்குச் சொந்தமன்று. முத்திரை வரி நிலம் கைமாறும்போது கிடைப்பது. தோட்ட நிலமோ அரசுக்குரியது. 1992இல் கம்பனிகளின் நிருவாகத்தில் விடப்பட்டு, நீண்டகாலக் குத்தகையில் இருப்பது. அதை எவர் விற்பார்? எவர் வாங்குவார்? ஆகவே மக்கள் நெருங்கி வாழும் இடத்திலேயே சபையின் வருவாய் மெலிந்து நிற்கிறது. வருவாய் இல்லை என்பதால் வசதி இல்லை; வசதி இல்லை என்பதால் வளர்ச்சி இல்லை; வளர்ச்சி இல்லை என்பதால் வருவாய் இல்லை. இந்தச் செக்கைச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் சிலர் அல்லர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதுளை மாவட்டத்து மக்கள் ஏறக்குறைய 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர்.

திட்டமிடாமையின் விலை என்ன? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது; மக்கள் பெயர்ந்து செல்ல நிலமும், நிலத்துக்குப் பாதையும், பாதையோடு நீரும் ஆயத்தமாக இருக்கவில்லை. தப்பியவர்கள் புது வீட்டை அடைய ஏறக்குறைய இரண்டு ஆண்டு சென்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இம்மாவட்டத்தை மீண்டும் மண்ணால் மூடியது. ‘போ’ என்று சொல்லுவது எளிது. போகும் இடத்தை முன்கூட்டி அமைத்து வைப்பதே ஆட்சி.

பிறர் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வால்பாறை ஒரு நகராட்சி. கேரளத்தில் 1996ஆம் ஆண்டு மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளூர் ஆட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதை முதலில் செய்வது என்பதை ஊர்க் கூட்டத்தில் மக்களே பேசினார்கள். நம் நாட்டிலும் நுவரெலியா மாவட்டத்தில், மிகப் பெரியனவாய் இருந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு 2018ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது, ஊவாவும் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? முதலாவதாக, கணக்கு. ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குட்பட்ட தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம், எந்த வீதி, எந்த நீரூற்று, எந்தச் சரிவு ஆபத்தானது என்று எழுதி வைக்கட்டும். இரண்டாவதாக, நிலம். தனி வீட்டுத் திட்டத்துக்கு அளந்து கொடுக்கும்போதே வீதிக்கும் வடிகாலுக்கும் முன்பள்ளிக்கும் மயானத்துக்கும் நிலம் பிரித்து வைக்கட்டும். வீடுகள் எழுந்த பின்னர் வீதிக்கு இடம் தேடினால் எவர் சுவரை இடிப்பது? மூன்றாவதாக, பொறுப்பு. தோட்டத்தின் பிரதான வீதிகள் முறைப்படி சபையிடம் ஒப்படைக்கப்படட்டும். கம்பனி சபையைக் காட்ட, சபை கம்பனியைக் காட்ட, பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண் குழி விழுந்த பாதையில் துடிக்கும் நிலை ஒழியட்டும். நான்காவதாக, பங்கு. ஆண்டு தோறும் நிறைவேறும் வரவு செலவுத் திட்டத்தில், மக்கள் தொகைக்கு ஏற்பத் தோட்டங்களுக்குரிய பங்கு தனித் தலைப்பில் எழுதப்படட்டும்.

தோழர்களே! கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உறுதி கையில் வந்த வீட்டுக்கு நாளை சோலைவரி வரும். நாட்கூலிக் குடும்பம் தாங்கக்கூடிய அளவில் அது இருக்க வேண்டும் என்று வாதாடுவோம். ஆனால் வேண்டாம் என்று சொல்லாதிருப்போம். வரிச் சீட்டு வைத்திருப்பவனை எந்த எழுதுவினைஞரும் ‘நீ தோட்டத்து ஆள், துரையிடம் போ’ என்று திருப்பி அனுப்ப முடியாது.

வெலிமடையிலும் ஊவா பரணகமவிலும் மரக்கறி பயிரிடும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் உங்கள் லொறி புதையும் பாதையும் தோட்டப் பாதையும் பல இடங்களில் ஒன்றே. சிங்களக் கிராமத்தவரும் அதே பாதையில்தான் சந்தைக்குச் செல்கிறார்கள். ஆகவே இது ஒரு சாராரின் கோரிக்கையன்று. ஒரு மலையின் கோரிக்கை.

படித்தவர்களே! தோட்டத்தில் பிறந்து ஆசிரியராகவும் எந்திரியாகவும் கணக்காளராகவும் சட்டத்தரணியாகவும் உயர்ந்தவர்கள் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறீர்கள். சபை உறுப்பினருக்கு மாலை போட ஆள் உண்டு. மதிப்பீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மேசைக்கு வருமுன் ஒவ்வொருவரும் ஒரு தோட்டப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வீதியை அளந்து, செலவைக் கணித்து, எழுத்தில் தவிசாளரிடம் கொடுங்கள். கொடுத்ததற்குப் பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.