பாட்டு யாருக்குச் சொந்தம்?
பரட்டை அண்ணனை முன்வைத்து

(கிராமப் பாடற்குழுப் பொறுப்பாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி முகாமின் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பரட்டை அண்ணனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேடையில் அவர் படத்தை வைத்து மாலையும் போட்டிருக்கிறீர்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் மாலை போட்ட படம் பாடாது. அவர் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கு எங்கே, யார் வாயில் பாட்டாக இருக்கிறது என்பதைத்தான் நாம் பேசணும்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பெயர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்தார், 2005இல் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர். மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அவருக்குத் தெரியும். வேறு எதுவும் வராததால் நாட்டுப்புறப் பாட்டுக்கு வந்தவரில்லை. தெரிந்தே தேர்ந்தெடுத்து வந்தவர். இதை அழுத்திச் சொல்லணும்.

ஏன் வந்தார்? தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களானவர்களில் பெரும்பகுதி நம் சேரி மக்கள். ஆனால் கோயிலுக்குள்ளே என்ன பாட்டு? ஒரு பக்கம் ஐரோப்பிய மெட்டில் ஞானப்பாட்டு. இன்னொரு பக்கம் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெரும்புலவர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் மொழியும் இசையும் வேளாளர் வீட்டுத் திண்ணையில் பழகியவை. கும்பிடுகிற கை நம்முடையது, பாடுகிற பாட்டு அவர்களுடையது. பறையோ கோயிலுக்கு வெளியே நின்றது. சாவு வீட்டு மேளம், தீட்டு மேளம் என்று சாதி இந்துக்கள் சொன்னதை நாமும் நம்பி, அதைத் தொட நாமே வெட்கப்பட்டோம்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் அத்தை நடவுக்குப் போனால் அதுதான் முன்பாட்டு எடுக்கும். இருபது பொம்பளைங்க பின்பாட்டு பாடுவாங்க. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் மட்டும் அதுக்கு இடம் பின்வரிசை. “உன் குரல் ஒப்பாரி மாதிரி இருக்கு, வாயை மட்டும் அசை” என்று குழு நடத்தியவர் சொல்லிவிட்டார். நான் சின்னப் பையன், பக்கத்தில் நின்றேன். அத்தை வாயை மட்டும் அசைத்தது. பல வருசம் அப்படியே அசைத்தது.

பிறகு ஒரு இளம் ஆயர் வந்தார், அரசரடியில் படித்தவர். பரட்டை அண்ணனின் ‘கிராமிய இசை வழிபாடு’ பாட்டுகளைக் கொண்டுவந்தார். “இதுல முன்பாட்டு எடுக்கத் தெரிஞ்சவங்க யாரு?” என்று கேட்டார். எல்லாரும் அத்தையைக் காட்டினார்கள். அன்றைக்குப் பாடும்போது அத்தை ஒரு சொல்லை மாற்றிவிட்டது. பாட்டில் இருந்ததை விட்டுட்டு எங்க பக்கத்து வழக்குச் சொல்லைப் போட்டுப் பாடியது. குழுவில் இருந்த படித்தவர்கள், “தப்பு, தப்பு” என்றார்கள். ஆயர் சொன்னார்: “தப்பில்ல, அப்படித்தான் பாடணும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான்.”

தோழர்களே, பரட்டை அண்ணனின் பாடம் முழுக்க இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. கீர்த்தனையை மாற்றினால் அது பிழை. கிராமியப் பாட்டை மாற்றினால் அது உயிர். பாடுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறு என்ற பிரிவினை நம் பாட்டில் கிடையாது. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க எல்லாரும் வாங்கிப் பாடலாம். எழுத்து தெரிய வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆகவே ஒடுக்கப்பட்டவர் தங்கள் இறையியலைத் தாங்களே சொல்லிக்கொள்ளத் தகுந்த ஊடகம் இதுதான் என்று அவர் வாதாடினார். கடவுளை ‘பெத்தவரே’ என்று கூப்பிட வைத்தார். அதில் அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு. ‘ஒரு உலை’ என்றார். தனித்தனி அடுப்பு இல்லாமல், எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சமமாகச் சாப்பிடுவது. திருவிருந்துக்கு அவர் சொன்ன பொருள் அது. பாட்டும் ஒரு உலைதான். ஆளுக்கொரு பிடி அரிசி போட்டால்தான் பொங்கும்.

அவர் பாட்டுகள் புத்தகமாக வந்தன, ஒலிநாடாவாக வந்தன. ஆனால் பரவியது மாணவர்களால். அவரிடம் படித்தவர்கள் ஆயர்களாகக் கிராமம் கிராமமாகப் போனார்கள். பாட்டும் கூடவே போனது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 1990களில் இங்கே வந்து அவரிடம் கற்று, 2014இல் இதைப் பற்றி முழுப் புத்தகம் வெளியிட்டார். மக்கள் அந்தப் பாட்டுகளைத் தங்கள் தேவைக்கேற்ப மறு உருவாக்கம் செய்துகொள்வதையே விடுதலையின் அடையாளமாக அவர் பார்த்தார்.

இப்போது உங்களிடம் ஒரு சண்டை. போன மாதம் ஒரு குழுவின் ஒத்திகைக்குப் போனேன். கைப்பேசியில் பழைய பதிவைப் போட்டு, “இந்த இடத்துல இப்படித்தான் இழுக்கணும், இதுதான் சரியான மெட்டு” என்று ஒரு தம்பி ஒரு பாட்டியைத் திருத்துகிறார். பாட்டி வாயை மூடிக்கொண்டார். எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. பரட்டை அண்ணன் பாட்டையே இன்னொரு கீர்த்தனையாக்கப் பார்க்கிறோமா? அவர் உடைத்த கதவை அவர் பேரைச் சொல்லியே சாத்துகிறோமா?

பறையும் அப்படித்தான். மேடையில் அடித்தால் கைதட்டுகிறார்கள், நல்லது. ஆனால் சீருடை போட்டு நாலு பையன்கள் ஆட, சேரி முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால், பாடுகிறவர் வேறு கேட்கிறவர் வேறு என்று நாமும் பிரிந்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஆகவே இந்த இரண்டு நாளும் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, அவர் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு, உங்கள் ஊர் வேலையை, உங்கள் ஊர் வலியை அதில் வைத்து மாற்றிப் பாடுங்கள். இரண்டு, உங்கள் ஊரில் நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பொம்பளைங்களைக் குழுவின் முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். மூன்று, யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள்.

என் அத்தை இப்போது இல்லை. அது மாற்றிய சொல்லைத்தான் எங்கள் ஊரில் இன்றைக்கும் பாடுகிறார்கள். அந்தச் சொல் யார் போட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் பாடுகிறார்கள். நல்ல வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய மாலை வேண்டியதில்லை.