சைலன்சர் வாங்கும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலை வாய்ப்பு பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றுதான் சங்கச் செயலாளர் என்னைக் கேட்டிருந்தார். காலையில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. நாற்பது மோட்டார் சைக்கிள் நின்றால் அதில் பத்துப் பன்னிரண்டில் கம்பெனி சைலன்சர் இல்லை. ஆகவே தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நம் பகுதிக்கு இந்தத் தலைப்பு அந்நியமானது அல்ல. 1955-இல் என்ஃபீல்டு திருவொற்றியூரில் தொடங்கியது. 2013-இல் ஒரகடம், 2017-இல் வல்லம் வடகால் என்று ராயல் என்ஃபீல்டு நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பஸ் ஏறுகிறார்கள். நானும் அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் என்ஜின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஆனால் இன்று சொல்லப்போவது அங்கே படித்தது இல்லை. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுரோட்டில் படித்தது.

2018 மே மாதம். என்னிடம் கார்புரேட்டர் வைத்த 350 சி.சி. ஒற்றை சிலிண்டர் வண்டி. கொடைக்கானல் போவதாக நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் முடிவு செய்தோம். (அவன் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பேரைச் சொன்னால் மேடைக்கே வந்து அடிப்பான்.) புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு 6,500 ரூபாய்க்கு ஒரு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் வாங்கி மாட்டினேன். கூடவே கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர். ஜெட் மாத்தணுமான்னு கடைக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம் சார், அப்படியே ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் 'பட் பட்' என்று வெடிக்கும். அதை சங்கீதம் என்று நினைத்தேன். பெண்ட் பைப் இரண்டே நாளில் நீலம் பாய்ந்தது. அதையும் அழகு என்று நினைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், கொடைக்கானலில் வண்டி பிரமாதமாக ஓடியது. ஏன் என்று அப்புறம்தான் உறைத்தது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கணக்குப் போட்டால் கலவை பத்து சதவீதம் போல பெட்ரோல் கூடியதாக மாறிவிடும். நான் காற்றைக் கூட்டிவிட்டு பெட்ரோலைக் கூட்டாமல் விட்ட தப்பை மலை தற்காலிகமாகச் சரிக்கட்டிவிட்டது. கீழே இறங்கியதும் கணக்கு பழையபடி ஆகிவிட்டது.

திண்டுக்கல் தாண்டி, மதியம் இரண்டு மணி வெயில், 95 கிலோமீட்டர் வேகம், பின்னால் நண்பன், இரண்டு பக்கமும் பை. வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல ஓர் உணர்வு. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று இன்னும் முறுக்கினேன். அதுதான் பெரிய தப்பு. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் நின்றுவிட்டது. கிளட்சைப் பிடிப்பதற்குள் வண்டி குறுக்கே போய்விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கில் ஏறி நின்று ஒடித்ததால்தான் நாங்கள் இருவரும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். அவர் இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வி: "அவ்ளோ நேரம் ஹாரன் அடிச்சேனே, கேக்கலியா தம்பி?" கேட்கவில்லை. என் சைலன்சர் சத்தத்தில் எதுவுமே கேட்கவில்லை.

நண்பனுக்குக் காறை எலும்பு முறிந்தது. மூன்று வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டே தாலி கட்டினான். அவங்க அம்மா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. என்ஜினைப் பிரித்தபோது ஸ்பார்க் பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பிஸ்டனில் நீள நீளமாகக் கீறல். போர் போட்டு, புது பிஸ்டன் மாட்ட 11,000 ரூபாய்.

இனி பாடத்துக்கு வருகிறேன். நம் ஐ.சி. என்ஜின் லேபில் அந்த டீசல் என்ஜினைக் கயிறு சுற்றி பிரேக் போட்டு 'ஹீட் பேலன்ஸ் ஷீட்' எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதினோம். எரிபொருளின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது என்று அந்தத் தாளில் வரும். அதனால்தான் சைலன்சரை மாற்றினால் சக்தி கிடைக்கும் என்று எல்லோருக்கும் ஆசை. கொஞ்சம் கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 20 குதிரைத்திறன் வண்டியில், காற்றும் பெட்ரோலும் சரியாக அமைந்தால், ஒன்றோ இரண்டோ கூடினாலே பெரிது. அதுவும் எந்த ஆர்.பி.எம்.மில் கூடுகிறது என்பதுதான் விஷயம்.

மெக்கானிக்குகள் "பேக் பிரஷர் வேணும் சார், இல்லைன்னா இழுவை போயிடும்" என்பார்கள். இழுவை போவது உண்மை, காரணம் அது இல்லை. எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. சூடான புகையில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். குழாய் அகலமாகும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையை உள்ளே வரவழைக்கும். நேரம் தவறி வந்தால் எதிர்வேலை செய்யும். எந்த வேகத்தில் சரியாக வந்து சேர வேண்டும் என்பதைக் குழாயின் நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. குழாயைக் குட்டையாக்கினால் பலன் மேல் ஆர்.பி.எம்.முக்குப் போய்விடும். விட்டத்தைப் பெரிதாக்கினால் கீழ் வேகத்தில் புகையின் ஓட்டமே மந்தமாகிவிடும். பை கட்டிக்கொண்டு, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு தூரம் போகிறவருக்கு வேண்டியது 3,000-இலிருந்து 4,500 வரை டார்க். பந்தயக்காரர் வாழ்கிற இடம் வேறு. கடையில் காட்டுகிற 'அதிகபட்ச ஹெச்.பி.' நீங்கள் ஊட்டி போகும் வழியில் ஒரு நிமிஷம்கூடத் தொடாத இடத்தில் இருக்கும்.

ஆகவே கடைக்காரரிடம் கேளுங்கள்: இந்த சைலன்சரை நம் மாடல் வண்டியிலேயே டைனோவில் வைத்து, முன்னும் பின்னும் எடுத்த வரைபடம் இருக்கிறதா? இருந்தால் நடுப்பகுதியைப் பாருங்கள். இல்லையென்றால் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில், பராந்தகச் சோழர் காலத்தில், வாரியத்துக்கு ஆள் எடுக்க முதலில் தகுதி பார்த்துவிட்டுத்தான் குடவோலையில் பெயர் போட்டார்கள். வயது 35-க்கு மேல், சொந்த மனை, கணக்கு ஒழுங்கு எல்லாம் பார்த்தார்கள். (எனக்கு 37. பானையில் பெயர் போட வயசு வந்துவிட்டது. சொந்த மனைதான் இன்னும் இல்லை.) நாமோ சைலன்சர் விஷயத்தில் நேராகப் பானைக்குள் கையை விடுகிறோம்.

பெட்ரோல் விஷயம். கார்புரேட்டர் வண்டி என்றால் சைலன்சரோ ஃபில்டரோ மாற்றினால் மெயின் ஜெட், பைலட் ஜெட் பார்த்தே ஆக வேண்டும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025-லிருந்து பெரும்பாலான பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று என்று படித்தோம். இதற்குச் சுமார் 13.5 போதும். பழைய கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே காற்றை விடும். ஒன்றும் மாற்றாத வண்டியே கொஞ்சம் பெட்ரோல் பற்றாக்குறையில் ஓடுகிறது. அதன்மேல் ஃப்ரீ ஃப்ளோ மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எஃப்.ஐ. வண்டியில் நிலைமை கொஞ்சம் மேல். பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், நிதானமாக ஓட்டும்போது கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். கேட்டலிஸ்ட்டைத் தொடாமல் கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் முழுசா முறுக்கும்போது ஈ.சி.யு. சென்சாரைக் கேட்பதில்லை. எழுதி வைத்த கணக்குப்படிதான் ஊற்றும். பெண்ட் பைப்போடு முழுசும் மாற்றுகிறவர் அந்தக் கணக்கையும் டைனோவில் வைத்துத் திருத்த வேண்டும். சென்சாரை ஏமாற்றுவதற்கென்று விற்கும் மலிவுப் பெட்டிகளை நான் வாங்க மாட்டேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதித்த சத்தம் 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 10,000 ரூபாய் வரை. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்படியானால் தூரப் பயணத்துக்கு எதில் காசு போடலாம்? முதலில் டயர், பிரேக் பேட், வால்வு கிளியரன்ஸ். பிறகு செயின் ஸ்ப்ராக்கெட். நெடுஞ்சாலையில் என்ஜின் அலறுகிறது என்றால், முன் ஸ்ப்ராக்கெட்டில் 17 பல்லுக்குப் பதில் 18 போட்டாலே அதே வேகத்தில் ஆர்.பி.எம். ஐந்தரை சதவீதம் குறையும். சில நூறு ரூபாய் வேலை. மேட்டில் கொஞ்சம் இழுவை குறையும், கியர் இறக்க வேண்டியிருக்கும். இதையும் ட்யூனிங் என்றுதான் நான் சொல்வேன், யாரும் சொல்வதில்லை. சைலன்சர் கடைசி. அப்போதும் பையின் அடியில் உரசாத, சுடாத இடத்தில் அமைகிறதா என்று பாருங்கள். மேலே தூக்கி வைத்த குழாய் ஒருவருடைய ரெயின்கோட்டை உருக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் சைலன்சர் அந்த விபத்தில் நசுங்கவில்லை என்பதுதான் சோகம். வெட்கமில்லாமல் மறுபடி மாட்டினேன், இந்த முறை ஜெட் மாற்றி. அந்த டிசம்பரில் படாளம் கூட்ரோட்டில் திரும்பி வேடந்தாங்கல் வழியாக ஊருக்கு வந்தேன். ஏரியில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் நிறைந்திருந்த பருவம். கரையோரம் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "வண்டியை அணைச்சிட்டுத் தள்ளிக்கிட்டுப் போ நைனா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அந்த ஊர் வயலுக்கு உரம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, பாதுகாப்புக்கு எழுத்தில் உத்தரவு வாங்கிய ஊர் அது. தள்ளிக்கொண்டு போனேன். 180 கிலோவுக்கு மேல் எடை, சாலை கொஞ்சம் மேடு.

வீட்டில் அம்மா, "நீ ஏரிக்கரையில வரும்போதே எதிர்வீட்டுக் குழந்தை எழுந்துக்குது கண்ணு" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொங்கலுக்குக் கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டினேன். எத்தனால் கணக்குக்காக, போன வருஷம் கார்புரேட்டர் ஊசிக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்து உயர்த்தினேன். அவ்வளவுதான் என் 'அப்கிரேடு'.

அதே வண்டிதான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. தேநீர் இடைவேளையில் வாருங்கள், பிளக்கைக் கழற்றி நிறம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். உங்கள் வண்டி பிளக்கையும் பார்த்துவிடலாம். ஸ்பேனர் கொண்டு வந்திருக்கிறேன்.